வளவாளரை அழைக்கும் முன்: நிதியுதவியுடன் நடக்கும் பாடசாலை விரிவுரைகளை எப்படித் திட்டமிடுவது

கொழும்பிலுள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றுக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவரையோ துறை நிபுணர் ஒருவரையோ அழைத்து வரப் பணம் திரட்டுவது அவ்வளவு கடினமில்லை. பழைய மாணவர் சங்கம், புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர், றோட்டரி, லயன்ஸ் கழகங்கள், தொழில்சார் நிறுவனங்கள், வங்கிகளின் சமூகப் பொறுப்பு ஒதுக்கீடு என்று கேட்கக்கூடிய இடங்கள் பல. வளவாளர்களும், அதாவது அப்படி வெளியிலிருந்து வந்து விரிவுரையாற்றக்கூடியவர்களும், அருகிலேயே இருக்கிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழகம் நகரத்துக்குள். மொறட்டுவை, ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி ஆகியவை நகரத்தை ஒட்டி. மன்னாரிலோ மலையகத்திலோ உள்ள பாடசாலைக்கு இல்லாத வசதி இது.

அப்படியிருந்தும் பல வருகைகள் மாணவரின் படிப்பில் தடம் எதையும் விடாமல் போய்விடுகின்றன. வளவாளரின் திறமைக் குறைவு அதற்குக் காரணமாவது அரிது. யாருக்கு, எதை, எவ்வளவு நேரம், அதற்கு முன்னும் பின்னும் யார் என்ன செய்வது என்பதை எவரும் எழுதி வைப்பதில்லை. பணம் வாகனத்துக்கும் பதாகைக்கும் பொன்னாடைக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது. ஆயத்தத்துக்கு ஒரு சதமும் ஒதுக்கப்படுவதில்லை. நிதியளிப்பவர் ஒரு விதியைத்தான் விதிக்கலாம் என்றால், எங்கள் பரிந்துரை இதுவே: மொத்தத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு விரிவுரைக்கு முந்திய ஆயத்தத்துக்கும் பிந்திய தொடர்வேலைக்கும் என்று தனியாக எழுதப்பட வேண்டும்.

முதலில் நோக்கத்தைத் தெளிவாக்க வேண்டும். கொழும்பில் உயர்தர மாணவருக்குக் கருத்தரங்குகளுக்குப் பஞ்சமில்லை. கடந்தகால வினாத்தாள்களை வேகமாகச் செய்து காட்டும் வகுப்புகள் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வாரம் முழுவதும் நடக்கின்றன. வளவாளரும் வந்து அதையே செய்தால் மாணவர் குறிப்பு எடுப்பார்கள், நன்றி சொல்வார்கள், ஆனால் புதிதாக எதுவும் நடந்திருக்காது. பாட ஆசிரியராலும் தனியார் வகுப்பாலும் கொடுக்க முடியாத ஒன்றை வளவாளர் கொண்டுவர வேண்டும். தன் துறையில் ஓர் அளவீடு எப்படி எடுக்கப்படுகிறது, ஒரு முடிவு எப்படிச் சந்தேகிக்கப்படுகிறது, இரண்டு சான்றுகள் முரண்பட்டால் என்ன செய்வார்கள் என்பவை அத்தகையவை. இவற்றைப் பாடத்திட்டத்துக்கு வெளியே தேட வேண்டியதில்லை. பாடத்திட்டத்துக்குள்ளேயே, எல்லோரும் தெரிந்ததாக நினைத்துக் கடந்துபோகும் இடங்களில்தான் அவை நன்றாக அமையும்.

பௌதிகவியலை எடுத்துக்கொள்வோம். எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைத் துணியும் பரிசோதனையைத் தரம் 12இல் எல்லோரும் செய்கிறார்கள். பல கொப்பிகளில் விடை 9.8 என்றோ 9.81 என்றோ அழகாக வந்திருக்கும். கொழும்பில் உண்மையான பெறுமானம் ஏறத்தாழ 9.78 மீ/செ². கொப்பியில் 9.81 வந்திருந்தால் அளவீட்டில் வழு இருந்திருக்கலாம், அல்லது தெரிந்த விடையை நோக்கி எண் நகர்த்தப்பட்டிருக்கலாம். ஒரு வளவாளர் இந்த ஒற்றை வித்தியாசத்தை வைத்து இரட்டைப் பாடவேளை ஒன்றின் 80 நிமிடத்தையும் நிரப்பலாம்.

நீளம் சரியாக 1 மீற்றர் என்றால் கொழும்பில் அலைவுகாலம் ஏறத்தாழ 2.01 செக்கன். நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தும் விரலில் 0.2 செக்கன் பிந்தல் வந்தால், ஓர் அலைவை மட்டும் அளந்தவருக்கு நேரத்தில் 10 சதவீத வழு. விடையில் அது இரட்டித்து 20 சதவீதமாகிறது. 20 அலைவுகளை அளந்தவருக்கு மொத்த நேரம் 40.2 செக்கன், அதே 0.2 செக்கன் பிந்தல் விடையில் 1 சதவீதத்தைத்தான் குலைக்கும். 20 அலைவு எடுக்கச் சொல்வது ஏன் என்று மனப்பாடமாகச் சொல்லும் மாணவருக்கு, இரண்டு விதமாகவும் அளந்து பார்த்த பின்னரே அது பிடிபடும். அடுத்தது வீச்சம். 10 பாகை வரை இழுத்து விட்டால் அலைவுகாலம் கூடுவது 0.2 சதவீதம் அளவில்தான். 30 பாகை இழுத்தால் 1.7 சதவீதம் கூடி, விடை 3 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும்.

இவற்றிலும் சுவையானது நீளத்தில் வரும் வழு. 2 செ.மீ. விட்டமுள்ள குண்டின் நடுவரை அளக்காமல் மேல்விளிம்போடு நிறுத்தினால் நீளம் 1 செ.மீ. குறைவாகப் பதிவாகும். ஒரே வாசிப்பிலிருந்து கணித்தால் விடை 9.68 என்று வரும். ஆனால் ஐந்தாறு நீளங்களுக்கு அளந்து, அலைவுகாலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தால், அந்த 1 செ.மீ. எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவால் தள்ளுவதால் கோடு உற்பத்திப் புள்ளியைத் தவறவிடும், படித்திறன் (கோட்டின் சாய்வு) மாறாது. படித்திறனிலிருந்து எடுத்த விடை 9.78 ஆகவே வரும். வரைபு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. ஒரு குழுவுக்கு வேண்டுமென்றே மேல்விளிம்பு வரை அளக்கச் சொல்லிவிட்டு, அவர்களின் வரைபை மற்றக் குழுவினதோடு ஒப்பிட வைத்தால் மாணவரே கண்டுபிடிப்பார்கள்.

பிறகு வளவாளர் வரலாற்றுக்குப் போகலாம். 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் நகருக்கு ஊசற் கடிகாரத்துடன் போனார். அங்கே அது நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. பூமி நடுக்கோட்டில் பருத்தது என்ற வாதத்துக்கு அது பெரிய சான்றாயிற்று. கயேன் வட அகலக்கோடு 5 பாகையில், கொழும்பு 7 பாகையில். பாரிஸில் சரியாக ஓடும் ஊசற் கடிகாரத்தை இங்கே கொண்டுவந்தால் நாளொன்றுக்கு 2 நிமிடம் அளவில் பிந்தும். மாணவர் கையிலுள்ள 9.78க்கும் புத்தகத்திலுள்ள 9.81க்கும் இடையிலான வித்தியாசமும் அதே காரணத்தால் வருவதுதான்.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். 60 மாணவருக்கு, ஐவருக்கு ஒன்று வீதம் 12 தொகுதிகள் போதும்: 1.2 மீற்றர் இழுபடாத நூல், உலோகக் குண்டு, தாங்கி, மீற்றர் கோல், நிறுத்தற் கடிகாரம். பாடசாலை ஆய்வுகூடத்தில் எத்தனை கடிகாரம் வேலை செய்கின்றன என்பதை ஒரு வாரம் முன்பே ஆய்வுகூடப் பொறுப்பாசிரியரிடம் எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும். மின்கலம் தீர்ந்துபோய்ப் பாதி இயங்காது கிடப்பது வழமை. தொலைபேசியைப் பாவித்து நேரம் அளக்கலாம் என்று வளவாளர்கள் நினைத்துக்கொண்டு வருவதுண்டு. பாடசாலைக்குள் மாணவர் தொலைபேசி கொண்டுவர அனுமதியில்லை.

கலைப்பிரிவிலும் இப்படியான பொருள்கள் உண்டு. வரலாற்றுக்கு, கொழும்பு தேசிய நூதனசாலையிலுள்ள காலி மும்மொழிக் கல்வெட்டு ஒன்றே போதும். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட அந்தச் சீனக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்கும் செலுத்திய காணிக்கைகளைச் சொல்கின்றன. ஒரே கல்லில் மூன்று தரப்புக்கும் ஏன் தனித்தனியாகப் பேசினார்கள், காலியில் அப்போது இந்த மொழிகளை வாசிக்கக்கூடியவர் யார் என்று மாணவரைக் கேட்க வைப்பது ஒரு நல்ல வரலாற்றாசிரியரால் முடிந்த காரியம். படத்தைப் பெரிதாக அச்சிட்டு மேசைக்கு ஒன்றாகக் கொடுத்தால் போதும். கல்லையே பார்க்க விரும்பினால் கொழும்பு 7க்கு ஒரு பேருந்துப் பயணம். வணிகப் பிரிவுக்குக் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கணக்காளர் ஒருவர் உண்மையான ஐந்தொகையொன்றைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினால் அந்தப் பாடவேளை வீண்போகாது.

தலைப்பைத் தீர்மானிக்கும் முன் வளவாளர் தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் வாசித்திருக்க வேண்டும். இரண்டும் தமிழில் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை விடவும் முக்கியம், அந்தப் பாட ஆசிரியரோடு 20 நிமிடத் தொலைபேசி உரையாடல். எந்த அலகு முடிந்திருக்கிறது, எது இன்னும் தொடங்கவில்லை, மாணவர் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கேட்க வேண்டும். இந்த அழைப்பை எடுக்காமல் வருகிற வளவாளர் அநேகமாக இரண்டில் ஒன்றைச் செய்வார்: தெரிந்ததைத் திரும்பச் சொல்வார், அல்லது தன் பட்டப்படிப்பு விரிவுரையைச் சுருக்கிச் சொல்வார். ஆசிரியரின் நேரத்துக்கும் ஒரு கொடுப்பனவு இருப்பது நியாயம். அவரைத் தேநீர் ஏற்பாட்டாளராக மட்டும் வைத்திருக்கும் திட்டங்கள் நிலைப்பதில்லை.

மொழி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் கற்பிப்போர் நாள்தோறும் ஆங்கிலத்தில் கற்பிப்பவர்கள். தமிழில் பேச உட்காரும்போது சொல் தேடி இணையத்துக்குப் போகிறார்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் தமிழ்நாட்டு வழக்கு. நமது பாடநூலில் திணிவு, நிறை என்று இருப்பவை தமிழ்நாட்டில் முறையே நிறை, எடை. ஆகவே தமிழ்நாட்டுக் காணொளியிலிருந்து எடுத்த ஒரு வரியில் ‘நிறை’ என்று வந்தால் நமது மாணவர் அதை வேறு கணியமாகவே விளங்கிக்கொள்வார், கணக்கும் பிழைக்கும். முடுக்கம் என்றால் ஆர்முடுகல் என்று ஊகித்துவிடலாம். நிறையில் அந்த ஊகத்துக்கும் இடமில்லை. இரசாயனவியலில் ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு என்றே மாணவர் எழுதுகிறார்கள்; பரீட்சையிலும் அதையே காண்பார்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரிவுரையில் வரும் முப்பது நாற்பது கலைச்சொற்களை ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்வது ஒரு மாலை வேலை. ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் சேர்த்து மாணவருக்கே அந்தத் தாளைப் பிரதியெடுத்துக் கொடுக்கலாம். பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகிறவர்களுக்கு அது உதவும்.

படவில்லைகளில் வேறொரு சிக்கல். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பைப் பாடசாலைக் கணினியில் திறந்தால், அந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டால், தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிடும். ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்து, எழுத்துருவை உட்பொதித்த பி.டி.எஃப். கோப்பாகவும் ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும். பழைய எறிவைகள் (புரொஜெக்டர்கள்) பலவற்றில் வி.ஜி.ஏ. வாயில் மட்டுமே இருக்கும், புதிய மடிகணினிகளில் எச்.டி.எம்.ஐ. மட்டுமே, மாற்றி ஒன்றை வளவாளரே பையில் கொண்டுவருவது நல்லது. எழுத்தின் அளவுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: கடைசி வரிசை திரையிலிருந்து 15 மீற்றரில் என்றால் திரையில் விழும் எழுத்து 7 செ.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது. 2 மீற்றர் அகலத் திரையின் உயரம் 1.1 மீற்றர் அளவு. வரி இடைவெளியையும் சேர்த்தால் ஒரு வில்லையில் ஏழு வரிக்கு மேல் எழுத இடமில்லை. பகல் வெளிச்சம் உள்ளே வரும் மண்டபமானால் அதிலும் குறைவு. கரும்பலகை நன்றாகத் தெரியும் வகுப்பறையில் எறிவையே வேண்டாம்.

அனுமதியும் திகதியும் சலிப்பான விடயங்கள். ஆனால் வருகைகள் பெரும்பாலும் இங்கேதான் கவிழ்கின்றன. தேசிய பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழும், மற்றவை மேல் மாகாணக் கல்வித் திணைக்களத்தினதும் வலயக் கல்விப் பணிப்பாளரினதும் கீழும் வருகின்றன. வெளியார் பங்குபற்றும் நிகழ்ச்சிக்கு எந்த மட்டத்தில் ஒப்புதல் தேவை என்பதை அதிபரே சொல்வார். கடிதம் அவருக்கூடாகவே போக வேண்டும். வளவாளர் அரச உத்தியோகத்தரானால் தன் துறைத்தலைவரிடம் அனுமதி பெற வேண்டும். எல்லாவற்றுக்கும் எட்டு வாரம் வைத்துக்கொள்வது பாதுகாப்பு: முதல் இரண்டு வாரத்தில் கடிதங்கள், அடுத்த இரண்டில் திகதியும் தலைப்பும், மீதி நான்கும் ஆயத்தத்துக்கு.

திகதியை நாட்காட்டியைப் பார்த்து மட்டும் தெரிவு செய்யக் கூடாது. முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிகளால் மாலை மட்டுமல்லக் காலைப் பாடவேளைகளும் குலையும். நவராத்திரியை ஒட்டி வாணி விழா. முஸ்லிம் பாடசாலைகள் வெள்ளிக்கிழமை முன்னதாகவே கலையும். நோன்பு காலத்தில் அவற்றுக்கு விடுமுறை. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகள் கடந்த சில ஆண்டுகளாக வழமையான மாதங்களை விட்டு நகர்ந்திருப்பதால், அந்தப் பாடசாலை பரீட்சை நிலையமா, விடைத்தாள் திருத்தும் நிலையமா என்பதைக் கேட்டே தீர வேண்டும். நிலையமாக இருந்தால் வாரக்கணக்கில் மாணவர் வரமாட்டார்கள். தரம் 13இன் பிற்பகுதியில் மாணவர் வரவு குறைந்துவிடுவதால் தரம் 12தான் பொருத்தமான அவை. அவர்களுக்கு யோசிக்க நேரமும் இருக்கிறது.

பாடசாலை நேரம் நெடுங்காலமாகக் காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை, 40 நிமிடப் பாடவேளைகளாக இருந்து வந்திருக்கிறது. ஒரு பாடவேளை போதாது. இரட்டைப் பாடவேளை, அதாவது 80 நிமிடம், இடைவேளைக்கு முன்பாக இருப்பது சிறந்தது. காலை முதற்பாடவேளையைத் தவிர்க்கலாம். காலி வீதியிலும் கொட்டாஞ்சேனைப் பக்கத்திலும் 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் பாடசாலை வான்களின் நெரிசல். மொறட்டுவையிலிருந்து புறப்படும் வளவாளர் நேரத்துக்கு வருவது உறுதியில்லை. இடைவேளைக்குப் பின் வெக்கை கூடும், கவனம் குறையும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை தகரக் கூரையில் விழத் தொடங்கினால் ஒலிபெருக்கி இருந்தும் பயனில்லை.

இந்த 80 நிமிடத்தை அரிப்பது வரவேற்பு வைபவம். மங்கள விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, வளவாளர் அறிமுகம், அதிபர் உரை, நிதியளித்தவரின் உரை, பொன்னாடை, நினைவுச்சின்னம், நன்றியுரை. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் என்றாலும் முக்கால் மணி போய்விடும். மிச்சத்தில் வளவாளர் அவசரமாக ஓடுவார், கேள்வி நேரம் கைவிடப்படும். விருந்தினரை மதிப்பது நமது பண்பு, அதில் குறை காண எதுவுமில்லை. ஆனால் அதைப் பாடவேளைக்கு வெளியே, இடைவேளையின்போது அதிபரின் அறையில் செய்யலாம். மண்டபத்தில் ஆசிரியர் ஒருவரின் மூன்று நிமிட அறிமுகம், முடிவில் மாணவர் ஒருவரின் இரண்டு நிமிட நன்றியுரை; மீதி 75 நிமிடம் விரிவுரைக்கு. நிதியளித்தவரின் பதாகை மண்டபத்தின் பக்கச் சுவரில் இருக்கலாம், திரைக்கு முன் வேண்டாம். இதை வாய்மொழியாக விட்டால் அன்று காலையில் மறந்துபோகும். உடன்படிக்கைத் தாளில் எழுதி அதிபரின் கையொப்பம் பெற்றிருந்தால் நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் ஆசிரியருக்கும் அது பாதுகாப்பு.

மூன்று பாடசாலை மாணவரை ஒரே மண்டபத்தில் சேர்த்து முந்நூறு பேராக்கி விடுவது நிதியளிப்பவரின் அறிக்கையில் நன்றாகத் தெரியும். செய்முறை உள்ள விரிவுரைக்கு 60 பேர், கூடினால் 80. அதற்கு மேல் பின்வரிசை மாணவர் பார்வையாளராகிவிடுவர். முந்நூறு பேருக்கு ஒரு நாளைவிட, அறுபது பேருக்கு இரண்டு நாள் கொடுக்கும் திட்டத்துக்கே எங்கள் ஆதரவு.

75 நிமிடத்தையும் பேச்சால் நிரப்பக் கூடாது. இருபத்தைந்து நிமிடப் பேச்சு, முப்பது நிமிடச் செய்முறை, இருபது நிமிடக் கேள்வி என்பது நல்ல அளவு. அந்தக் கேள்வி நேரம் சும்மா அமைந்துவிடாது. அதிபரும் பத்து ஆசிரியர்களும் முன்வரிசையில் இருக்க, ஒலிவாங்கியைப் பிடித்து எழுந்து நின்று கேள்வி கேட்க நமது பிள்ளைகள் கூசுவார்கள். ‘கேள்வி இருக்கா?’ என்று கேட்டு, மௌனம் கண்டு, ‘எல்லாருக்கும் விளங்கிட்டுது போல’ என்று முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. துண்டுத்தாள்கள் இதற்கு நன்றாக வேலை செய்யும். ஒரு வாரம் முன்பு ஆசிரியர் வகுப்பில் பெயரில்லாத கேள்விகளைச் சேர்த்து வளவாளருக்கு அனுப்புவார். விரிவுரையின் நடுவிலும் ஒருமுறை சேர்க்கலாம். வளவாளர் அவற்றிலிருந்து ஏழெட்டை எடுத்துப் பதில் சொல்லத் தொடங்கியதும் கைகள் தாமாக உயரும். தெரியாத கேள்விக்குத் தெரியாது, தேடிப் பார்த்து ஆசிரியரிடம் அனுப்புகிறேன் என்று சொல்ல வளவாளருக்குத் தயக்கம் இருக்கக் கூடாது. மாணவர் அதைப் பார்ப்பதே ஒரு பாடம்.

எந்தத் தலைப்பானாலும் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: இந்தத் துறைக்குப் போக எவ்வளவு இசட் புள்ளி வேண்டும்? நினைவிலிருந்து எண் சொல்வது ஆபத்து. வெட்டுப்புள்ளி ஆண்டுதோறும் மாறும், மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். கொழும்பு மாவட்ட மாணவருக்குப் பொருந்தும் எண் வேறு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் அனுமதிக் கைநூலைக் காட்டி, அதில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுப்பதே சரியான பதில். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் என்ன வழி என்ற கேள்வியும் அதனோடு சேர்ந்தே வரும். அதற்கும் ஒரு தாள் ஆயத்தமாக இருக்கட்டும்.

இங்கே ஒரு கண்டிப்பான விதி தேவை. தனியார் உயர்கல்வி நிறுவனங்களும் தனியார் வகுப்பு நடத்துவோரும் விருந்தினர் விரிவுரை என்ற பெயரில் பாடசாலைக்குள் வந்து, முடிவில் விண்ணப்பப் படிவமும் சலுகைக் கூப்பனும் கொடுப்பது நடக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளையின் முன், ஆசிரியர் அறிமுகப்படுத்திய ஒருவர் நின்று விற்பனை செய்வது நம்பிக்கையைத் துஷ்பிரயோகம் செய்வதாகும். துண்டுப்பிரசுரம் கொடுப்பதில்லை, மாணவரின் பெயர், தொலைபேசி எண் சேர்ப்பதில்லை, தன் வகுப்புப் பற்றிப் பேசுவதில்லை என்று வளவாளர் எழுத்தில் உடன்பட வேண்டும். மீறினால் கொடுப்பனவு இல்லை என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். தேர்தல் காலத்தில் அரசியல்வாதிகளைப் பிரதம விருந்தினராக அழைப்பதும் கூடாது.

சிறுவர் பாதுகாப்பு விதிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். விரிவுரை முழுவதும் பாட ஆசிரியர் மண்டபத்தில் இருக்க வேண்டும். வளவாளர் வந்ததும் ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தப் போய்விடுவது தவறு. வளவாளர் எந்த மாணவரோடும் தனித்திருக்கக் கூடாது. வட்சப் எண்ணை மாணவரோடு பரிமாறக் கூடாது. தொடர்கேள்விகள் எல்லாம் ஆசிரியருக்கூடாக. முகம் தெரியும் படங்களை வெளியிட அதிபரினதும் பெற்றோரினதும் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அறிக்கைக்குத்தான் படம் என்றால் பின்னாலிருந்து எடுத்ததும், மேசையில் உள்ள கைகளும் கருவிகளும் போதுமானவை. தவறாக ஏதும் கண்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். திரவ நைதரசன், செறிந்த அமிலம், திறந்த சுவாலை போன்றவற்றைக் காட்ட விரும்பும் வளவாளர் அதை நான்கு வாரம் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். மின்விசிறி சுழலும் மண்டபத்தில் சுவாலையை வைத்துச் செய்யும் காட்சிகள் வேண்டவே வேண்டாம்.

பணத்தில் மனக்கசப்பு வருவது தொகையால் அல்ல, மௌனத்தால். வளவாளருக்கான கொடுப்பனவு எவ்வளவு, பயணச் செலவு அதற்குள்ளா வெளியிலா, எந்த நாளுக்குள் வங்கிக் கணக்குக்கு வரும் என்பவை அழைப்புக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்து இரண்டு வாரம் நியாயமான எல்லை. நிதி மாணவரிடமிருந்தோ பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமிருந்தோ எடுக்கப்படக் கூடாது. வெளிநிதி என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுச் செலவைப் பெற்றோர் தலையில் கட்டும் பழக்கத்தை நிதியளிப்பவரே தடுக்க வேண்டும். விரிவுரை போன்ற சேவைகளுக்கான கொடுப்பனவு மாதத்துக்குக் குறித்த எல்லையைத் தாண்டினால் அதில் வரி பிடித்துவைக்கும் முறை 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஒரே வளவாளரைப் பல பாடசாலைகளுக்கு அனுப்பும் திட்டங்கள் தமது கணக்காளரிடம் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒளிப்பிரதி, நூல், மின்கலம் போன்ற சின்னச் செலவுகளுக்குப் பற்றுச்சீட்டோடு ஆசிரியர் உடனே எடுக்கக்கூடிய ஒரு சிறுதொகை முன்பணமாகப் பாடசாலையில் இருக்கட்டும். முந்நூறு ரூபா மின்கலத்துக்குக் கைக்காசு போட்ட ஆசிரியர் அதைத் திருப்பிக் கேட்கக் கூசுவார். அடுத்த முறை பொறுப்பெடுக்கமாட்டார்.

வளவாளர் கடைசி நேரத்தில் வராமல் போனால் என்ன செய்வது? பதிலுக்கு ஆளைத் தேடி ஓடுவதை விட, செய்முறைத் தொகுதிகளும் வழிகாட்டுத் தாளும் முதல் நாளே பாடசாலைக்கு வந்துவிட வேண்டும் என்ற விதி நல்லது. பாட ஆசிரியர் அவற்றை வைத்து அன்றைய 80 நிமிடத்தையும் நடத்திவிடலாம். வளவாளர் இன்னொரு நாள் வந்து மாணவரின் முடிவுகளின் மேல் பேசலாம். இந்த ஒழுங்கில் சில வேளை விரிவுரை இன்னும் நன்றாக அமையும்.

தொடர்வேலைக்கு இரண்டு வாரத்துக்குள் ஒரு பாடவேளை ஒதுக்கப்பட வேண்டும். ஊசல் உதாரணத்தில், 12 குழுவும் எடுத்த பெறுமானங்களை ஆசிரியர் கரும்பலகையில் வரிசையாக எழுதி, எது 9.78ஐ விட்டு அதிகம் விலகியது, ஏன் என்று குழுக்களையே சொல்ல வைப்பார். மாணவரிடம் வாங்கும் கருத்துத் தாளில் ‘நன்று, மிக நன்று’ என்ற கட்டங்கள் வேண்டாம். எல்லோரும் மிக நன்றிலேயே புள்ளடியிடுவார்கள். அரைத்தாளில் மூன்று கேள்விகள் போதும்: இன்று எது புதிது, எது விளங்கவில்லை, இன்னும் எதைக் கேட்க விரும்புகிறீர்கள். அறுபது அரைத்தாள்களை வாசிக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆசிரியர் முதலில் வாசித்து, பிறகு வளவாளருக்கு அனுப்பி, விளங்கவில்லை என்று அதிகம் பேர் எழுதிய ஒன்றுக்கு அவரிடமிருந்து ஒரு பக்க விளக்கம் எழுதி வாங்கி வகுப்பில் ஒட்டலாம். நிதியளித்தவருக்கு அனுப்பும் அறிக்கையோடு படங்களுக்குப் பதிலாக அந்த ஒரு பக்கமும், மாணவரின் வரைபு ஒன்றும் இணைக்கப்பட வேண்டும். அடுத்த ஆண்டுக்கான வளவாளரைத் தெரிவு செய்யும் குழு முதலில் வாசிக்க வேண்டியதும் அவற்றையே.